பெருமூங்கில்: நடுவது, வயது பார்ப்பது, வெட்டிப் பதப்படுத்துவது

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மூங்கில் என்றதும் மூன்று வகைகள் நினைவுக்கு வரும். பேச்சிப்பாறைக்கு மேலே மலையோடைக் கரைகளில் அடர்ந்து கிடப்பதும், காணிப் பழங்குடி மக்கள் குடிலுக்கும் பாய்க்கும் கூடைக்கும் வெட்டுவதுமான ஈத்தை ஒன்று. ஆற்றங்கரையில் வேலியே தேவையில்லாதபடி பின்னி நின்று, ஒரு கழியை வெளியே இழுப்பதற்குள் கையைக் கிழித்துவிடும் முள் மூங்கில் மற்றொன்று. வீட்டு முற்றத்தில் அழகுக்காக வைக்கும் மஞ்சள் மூங்கில் மூன்றாவது. இவற்றோடு இப்போது நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கும் பெருமூங்கிலையும் சிலர் விளைகளில், அதாவது தோட்ட நிலங்களில், நடத் தொடங்கியிருக்கிறார்கள். முள் மூங்கிலைப் போலவே இதையும் நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று நினைத்தவர்கள், பத்து ஆண்டு கழித்துத் தங்கள் கழிகளில் பாதி உளுத்துப்போவதைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். அந்தப் பிழையை நானும் செய்தவன். ஆகவே இதை நடுவதைவிட, ஒவ்வொரு கழியின் வயதையும் அறிந்து வெட்டுவதைப் பற்றியே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பெருமூங்கிலின் இயல்பு

இதன் தாவரவியல் பெயர் டென்ட்ரோகலாமஸ் ஜைகான்டியஸ். மியான்மர், தாய்லாந்து, சீனாவின் யுன்னான் ஆகிய பகுதிகளுக்கு உரியது. இலங்கையில் கண்டிக்கு அருகே பேராதனைத் தாவரவியல் பூங்காவில் மகாவலி ஆற்றங்கரையில் நிற்கும் இதன் தூறுகளை, அதாவது ஒரே அடியிலிருந்து எழும் கழிக் கூட்டங்களை, பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறப்பதில்லை. நல்ல மண்ணும் ஈரமும் வாய்த்தால் 25 முதல் 30 மீட்டர் வரை, சில இடங்களில் அதற்கு மேலும் உயரும். அடிக்கழியின் குறுக்களவு 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை இருக்கும். அடிப்பகுதியில் சுவர் இரண்டு சென்டிமீட்டருக்கு மேலும் தடித்திருக்கும். நுனிக்குப் போகப் போக மெலியும். முள் கிடையாது. கீழ்க்கணுக்களில் பெரும்பாலும் கிளையும் இருக்காது என்பதால் தூறுக்குள் கையை விட்டு வேலை செய்ய முடிகிறது. முள் மூங்கிலோடு போராடியவர்களுக்கு இந்த ஒரு குணத்தின் அருமை தெரியும்.

இதே நாற்றுப் பண்ணைகளில் டென்ட்ரோகலாமஸ் ஆஸ்பர் என்ற இன்னொரு பெரிய மூங்கிலும் கிடைக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. ஆஸ்பரின் இளங்கழியில் அடிப்பகுதி முழுவதும் பழுப்பு நிறப் பட்டுப் போன்ற மென்மயிர் படர்ந்திருக்கும். பெருமூங்கிலின் இளங்கழியில் சாம்பல் பூசியது போன்ற வெள்ளை மாவுப் படலம் இருக்கும், விரலால் தேய்த்தால் கையில் ஒட்டும். குருத்தைத் தின்பதற்காக வளர்ப்பவர்களுக்கு ஆஸ்பர் ஏற்றது; தூண், உத்தரம், பாத்திரம் போன்ற பெரிய வேலைகளுக்குப் பெருமூங்கில் ஏற்றது. கீழே சொல்லும் முறைகள் பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மூங்கில் மரம் போல ஆண்டுதோறும் பருப்பதில்லை. மண்ணைப் பிளந்துகொண்டு முளை வெளியே வரும்போது என்ன பருமனோ, அதுவே அந்தக் கழியின் இறுதிப் பருமன். மூன்று நான்கு மாதங்களுக்குள் அது தன் முழு உயரத்தையும் அடைந்துவிடும். தென்மேற்குப் பருவமழை வலுத்து நிற்கும் நாட்களில் ஒரு முளை நாளொன்றுக்கு ஒரு சாணுக்கு மேலும் வளர்வதை அளந்து பார்க்கலாம். விடிகாலையில் பார்த்தால், முளையை மூடியிருக்கும் கருஞ்சிவப்புப் பாளைகளின் நுனியில் நீர்த்துளிகள் கோத்து நிற்கும். அவை பனித்துளிகள் அல்ல, வேர் இரவு முழுவதும் ஏற்றிய நீர் நுனி வழியே கசிந்தவை. இப்படி அவசரமாக உயர்ந்த கழியின் உடல் நீரும் மாவுச்சத்தும் நிறைந்த இளந்தண்டுதான். அது மரத்தைப் போல இறுகி வலிமை பெறுவதற்கு மேலும் மூன்று ஆண்டுகள் வேண்டும். வெளித்தோற்றத்தில் ஓராண்டுக் கழிக்கும் நான்காண்டுக் கழிக்கும் உயரத்திலும் பருமனிலும் வேறுபாடே தெரியாமல் போகலாம் என்பதால்தான் ஏமாற்றம் நேர்கிறது.

இடமும் நடவும்

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது என்பது இந்த மூங்கிலுக்குப் பெரிய வாய்ப்பு. ஆனால் மாவட்டம் முழுவதும் ஒரே நிலம் அல்ல. குலசேகரம், திற்பரப்பு, அருமனை, களியல் பக்கத்து ஈரமான சரிவுகளும், கோதையாறு, பரளியாறு கரைகளும், சானல் கரையோரங்களும் இதற்கு மிக ஏற்றவை. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றுப் பாயும் தோவாளைப் பக்கத்தில் இதை நடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அங்கே ஈரமும் குறைவு, காற்றும் இளங்கழிகளை முறித்துவிடும். தண்ணீர் தேங்கி நிற்கும் தாழ்ந்த வயலும் கூடாது. ஈரம் வேண்டும், ஆனால் வடிகாலும் வேண்டும்.

ஒரு தூறு நன்றாக விரிந்தால் எட்டு, பத்து மீட்டர் அகலத்துக்கு நிழல் தரும். ஆகவே தூறுக்குத் தூறு எட்டு மீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விட வேண்டும். பத்து மீட்டர் விட்டால் பின்னாளில் வெட்டி இழுக்க வசதியாக இருக்கும். வீடு, மின்கம்பி, கிணறு, பக்கத்து விளையின் எல்லை ஆகியவற்றிலிருந்து நன்றாகத் தள்ளி நடுங்கள். இது தூறாக வளரும் வகை என்பதால் வேர் ஓடித் தொலைவில் முளைக்காது. ஆனாலும் இலையுதிர்வும் நிழலும் பக்கத்து ரப்பர் வரிசையையும் வாழையையும் பாதிக்கும், அதைச் சொல்லி அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

வைகாசிக் கடைசியில், பருவமழையின் முதல் ஈரம் இறங்கியதும் நடுவது நல்லது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடி இருக்கும்படி குழியெடுத்து, மேல்மண்ணோடு மக்கிய சாணி எருவையும் அடுப்புச் சாம்பலையும் கலந்து நிரப்பி, நாற்றைப் பையில் இருந்த ஆழத்துக்கே நட்டு, சுற்றிலும் காய்ந்த இலைகளைப் பரப்பிவிடுங்கள். முதல் இரண்டு கோடைகளில், மாசி முதல் சித்திரை வரை, வாரம் இருமுறையாவது நீர் விட்டே ஆக வேண்டும். முதலாண்டில் வரும் முளைகள் விரல் தடிமனில்தான் இருக்கும். அதைப் பார்த்து நாற்று ஏமாற்றிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் புது முளை முந்தையதைவிடப் பெரிதாக வரும். முழுப் பருமனுக்கு ஏழு, எட்டு ஆண்டுகள் ஆகும். மெலிந்த அந்தக் கழிகளே வேர்க்கிழங்குக்கு உணவு ஊட்டுபவை என்பதால் முதல் மூன்று நான்கு ஆண்டுகள் ஒன்றையும் வெட்டக் கூடாது.

விதை கிடைப்பது அரிது. எனவே கழித்துண்டிலிருந்தே நாற்று உண்டாக்குகிறார்கள். மாசி, பங்குனியில் இரண்டாண்டுக் கழியை எடுத்து, இரண்டு கணு உள்ள துண்டுகளாக அறுத்து, கணுக்களில் உள்ள மொட்டு சிதையாமல் கிளைகளை நறுக்க வேண்டும். இரண்டு கணுவுக்கும் நடுவே சிறு துளை போட்டு, வேரூக்கியான என்.ஏ.ஏ. கரைசலை, அதாவது ஒரு லிட்டர் நீருக்கு நூறு மில்லிகிராம் என்ற அளவில் கலந்ததை, உள்ளே ஊற்றி, பிளாஸ்டிக் துண்டால் துளையை இறுகக் கட்டி, துளை மேலே பார்க்கும்படி படுக்கை வாக்கில் மணல் கலந்த பாத்தியில் வைத்து, இரண்டு விரற்கடை மண்ணால் மூடி, நிழலும் ஈரமும் குறையாமல் காக்க வேண்டும். எல்லாத் துண்டும் பிழைக்காது. இரண்டு மூன்று நாற்றே தேவை என்றால் பண்ணையில் வாங்குவதுதான் செலவும் அலைச்சலும் குறைந்த வழி.

பராமரிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேர்க்கிழங்கு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மேலேறி வரும் தன்மை உள்ளது. எனவே மழைக்கு முன்பு தூறைச் சுற்றி மண் அணைத்து எரு இட வேண்டும். தானாக விழும் இலையைக் கூட்டி எரிக்காமல் அங்கேயே கிடக்கவிட்டால், மண்ணிலிருந்து எடுத்ததில் பெரும்பகுதி மண்ணுக்கே திரும்பும். காட்டையொட்டிய விளைகளில் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் முளையைத் தோண்டித் தின்னும். ஆனி, ஆடி மாதங்களில் முளைகளைச் சுற்றி முள்வேலியோ தகர வளையமோ இட்டால் பெரும்பாலும் தப்பும். யானை இறங்கும் வழியில் மூங்கில் நடாமல் இருப்பதே நல்லது.

வயதை அடையாளம் காண்பது

முதல் முறை பெயின்ட். ஆண்டுதோறும் தை மாதத்தில், முந்தைய மழையில் வந்த கழிகள் ஒவ்வொன்றிலும் மார்பளவு உயரத்தில் அவை முளைத்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை எழுதிவிடுங்கள். ஒரு தூறுக்கு அரை மணி நேர வேலைதான். இதைச் செய்பவருக்குக் கீழே சொல்லும் அடையாளங்கள் தேவையே இல்லை. ஆனால் ஏற்கெனவே எழுதாமல் விட்ட தூறுகளுக்கு அவை வேண்டும்.

முதலாண்டுக் கழியில் கணுக்களில் பாளை ஒட்டியிருக்கும். வெள்ளை மாவுப் படலம் கலையாமல் இருக்கும். மேலே கிளைகள் முழுதாக விரிந்திருக்காது. இரண்டாம் ஆண்டில் பாளைகள் பெரும்பாலும் உதிர்ந்து, மாவு கரைந்து, நிறம் பசுமையாகத் தெரியும். மூன்றாம் ஆண்டில் பளபளப்பு மங்கி, மழை படும் பக்கத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தாற்போலச் சின்னச் சின்னப் பாசிப் புள்ளிகள் தோன்றும். நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கூடித் திட்டுத்திட்டாகப் படர்ந்து, கழி மங்கிய மஞ்சள் கலந்த பச்சையாகும். அதற்கும் மேல் வைத்திருந்தால் சில கழிகள் நின்ற நிலையிலேயே உலரத் தொடங்கும்.

கண்ணோடு காதையும் பயன்படுத்துங்கள். வெட்டுகத்தியின் முதுகால் கணுக்களுக்கு நடுவே தட்டினால், இளங்கழி வாழைத்தண்டில் தட்டியது போல மொத்தென்று ஒலிக்கும். முற்றிய கழி மணி அடித்தாற்போல உள்ளே நீண்டு ஒலிக்கும். இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டிக் கேட்டால் ஒரே நாளில் பழகிவிடும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். தூறு முதன்முறையாக நல்ல பருமனில் கழிகள் தந்த ஆண்டு, கருவிகள் வைக்கும் கொட்டகைக்கு ஆறு தூண்கள் வெட்டினேன். எது நேராகவும் பளபளப்பாகவும் இருந்ததோ அதைத் தேர்ந்தேன். அவை எல்லாம் போன மழையில் வந்தவை என்பது எனக்குத் தெரியாது. மூன்று மாதத்தில் ஒவ்வொரு தூணின் அடியிலும் அரிசி மாவைச் சலித்து வைத்தது போல மஞ்சள் நிறப் பொடி குவிந்திருந்தது. குனிந்து பார்த்தால், குண்டூசி நுழையும் அளவில் வரிசையாகத் துளைகள். மாவுச்சத்தைத் தேடி உள்ளே போகும் சிறு வண்டின் வேலை அது. அடுத்த மழைக்கு இரண்டு தூண்கள் சுருங்கி ஒட்டி, ஓட்டின் பாரம் தாங்காமல் வளைந்தன. குறை மூங்கிலில் இல்லை. தேர்ந்தெடுத்த கையில் இருந்தது.

வெட்டுவது

மழைக்காலத்தில் வெட்டக் கூடாது. அப்போது முளைகள் வளர்ந்துகொண்டிருக்கும். கழியில் நீரும் அதிகம், ஆள் நடமாட்டத்தில் முளை ஒடிவதும் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, தையும் மாசியும் நமக்கு ஏற்ற காலம். தேய்பிறையில் வெட்டினால் வண்டு விழாது என்பது பெரியவர்களின் வழக்கம். அதைக் கடைப்பிடிப்பதில் தவறில்லை, ஆனால் பருவத்தையும் வயதையும் விட்டுவிட்டு பிறையை மட்டும் நம்பினால் பயனில்லை.

மூன்றாண்டு முடிந்த கழிகளையே எடுக்க வேண்டும். ஒரே ஆண்டில் தூறின் முற்றிய கழிகள் அனைத்தையும் மழித்துவிடாமல் சிலவற்றை விட்டுவையுங்கள், புது முளைகளுக்குச் சாய்மானமும் உணவும் அவைதான். முதிர்ந்த கழிகள் தூறின் நடுவிலும் இளையவை விளிம்பிலும் இருக்கும் என்பதால், முளை அதிகம் வராத ஒரு பக்கத்தில் வழி திறந்து, குதிரை லாடத்தின் வடிவில் உள்ளே போய் வெட்டி வருவது வழக்கமாக வேண்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், ஏதேனும் ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கணுவிலிருந்து உயர்த்தி வெட்டினால் மிஞ்சும் குழலில் மழைநீர் தேங்கும். டெங்கு பரப்பும் கொசு முட்டையிட அதுவே போதும், அடிக்கிழங்கும் அழுகும்.

பச்சைக் கழி மிகவும் கனமானது. சாயும் திசையைத் தீர்மானித்து, மேலே கயிறு கட்டி, இருவர் இழுக்க ஒருவர் அறுக்க வேண்டும். உச்சி பக்கத்துக் கழியின் கிளையில் சிக்கியிருக்கும்போது அடியை அறுத்தால், கழி துள்ளிப் பின்னுக்கு அடிக்கும். அறுப்பவர் கழிக்கு நேர் பின்னால் நிற்கவே கூடாது.

2017-இல் இந்திய வனச் சட்டத்தில் செய்த திருத்தம் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து நீக்கியது. அதனால் காட்டுக்கு வெளியே வளர்த்த மூங்கிலை வெட்டுவதில் பழைய தடைகள் குறைந்தன. ஆனாலும் காட்டெல்லையை ஒட்டிய நிலமானால், லாரி ஏற்றுவதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் ஒரு சொல் கேட்டுவிடுவது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

பதப்படுத்துவது

பதப்படுத்தாத மூங்கில் மண்ணில் ஊன்றினால் ஓரிரு ஆண்டிலேயே அழுகும். எளிய முறை ஊறப்போடுவது: வெட்டிய கழிகளைக் கல் ஏற்றி குளத்திலோ ஓடையிலோ முழுக மூழ்கடித்து, மூன்று நான்கு வாரங்கள் விட்டால் மாவுச்சத்தின் பெரும்பகுதி கரைந்து வெளியேறும். தண்ணீர் நாறும், ஆகவே குளிக்கும் துறையிலும் குடிநீர் எடுக்கும் இடத்திலும் இதைச் செய்யக் கூடாது. வேலிக்கும் பந்தலுக்கும் இது போதும்.

கட்டட வேலைக்கு போராக்ஸும் போரிக் அமிலமும் சேர்ந்த கரைசல் வேண்டும். நூறு லிட்டர் நீருக்கு மூன்று கிலோ போராக்ஸும் இரண்டு கிலோ போரிக் அமிலமும் என்ற விகிதத்தில், முதலில் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துப் பிறகு முழு நீரில் சேர்க்கலாம். தரையில் நீளமாகக் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்தால் தொட்டி தயார். முக்கியமான வேலை அதற்கு முன்பே இருக்கிறது: நீண்ட இரும்புக் கம்பியின் முனையைக் கூராக்கி, கழியின் ஒரு தலையிலிருந்து மறுதலை வரை உள்ளே இருக்கும் கணுத்தட்டுகள் அனைத்தையும் துளைத்துவிட வேண்டும். பெருமூங்கிலின் வெளித்தோல் எதையும் உள்ளே விடாது. கரைசல் உட்புறச் சுவர் வழியாகத்தான் ஏறும். தட்டைத் துளைக்காமல் போட்ட கழி ஒரு மாதம் கிடந்தாலும் பெரிதாகப் பயனில்லை. துளைத்த முழுக்கழிக்குப் பத்து நாள், பிளந்த துண்டுக்கு நான்கைந்து நாள் வேண்டும். கையுறை அணியுங்கள், எஞ்சிய கரைசலை ஓடையில் கொட்டாமல் அடுத்த முறைக்கு மூடி வையுங்கள்.

பிறகு உலர்த்துவது. வெயிலில் கிடத்தினால் தடித்த சுவர் ஒரு பக்கம் மட்டும் வேகமாகச் சுருங்கி, வெடிச்சத்தத்தோடு நீளவாக்கில் பிளக்கும். கூரையின் கீழ், காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்திச் சாய்த்து வைத்து, வாரத்துக்கு ஒருமுறை திருப்பி வைக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்து ஆகாது.

எந்தப் பகுதி எதற்கு

அடியிலிருந்து நான்கைந்து மீட்டர் வரை தூணுக்கு. போராக்ஸ் கரைசலிலிருந்து ஏறிய போரான் உப்பு மழையில் கரைந்து போகும் என்பதால் தூணை மண்ணில் நேரடியாகப் புதைக்காமல், ஓரடி உயரக் கல் அல்லது கான்கிரீட் பீடத்தின் மேல் நிறுத்தி, கூரையின் இறக்கத்தை மூன்றடிக்குக் குறையாமல் நீட்டுங்கள். சாய்ந்து அடிக்கும் நம் ஆடிச் சாரலில் இந்த நீட்டல் இல்லாத மூங்கில் கட்டடம் நிலைக்காது. ஆணி நேராக அடித்தால் பிளக்கும். துளைத்து போல்ட் போட்டு, போல்ட் போகும் கணுவிடையில் சிமென்ட் சாந்து நிரப்ப வேண்டும். ஒவ்வொரு துண்டின் முனையும் ஒரு கணுவின் அருகே முடியும்படி அறுங்கள். மக்கள் தங்கும் கட்டடம் என்றால் ஐ.எஸ். 15912 என்ற இந்தியத் தரக்குறிப்பை அறிந்த பொறியாளரிடம் கொடுத்துவிடுவதே சரி.

அதே அடிப்பகுதியைக் கணுவோடு சேர்த்து ஓரடி நீளத்துக்கு அறுத்தால் பூந்தொட்டி, தானியம் அளக்கும் குவளை, நாற்று வளர்க்கும் பாத்திரம் எல்லாம் கிடைக்கும். நடுப்பகுதி உத்தரத்துக்கும் கைமரத்துக்கும் ஏற்றது. இரண்டாகப் பிளந்து கணுத்தட்டை நீக்கினால் ஓட்டுக்கூரையின் கீழே மழைநீர் வாங்கும் தாரையாகும். கிராம்பும் நல்லமிளகும் பறிக்கும் ஏணிக்கும் இதே பகுதிதான். நுனிப்பகுதி வாழைக்கு முட்டுக் கொடுக்கவும், பயறுக்கும் காய்ச்சில் கிழங்குக்கும் கொடி ஏற்றவும் போதும். ஏத்தன் வாழை குலை தள்ளிய பிறகு காற்றுக்கு முட்டு வாங்கச் செலவாகும் பணத்தைக் கணக்குப் பார்த்தவர்களுக்கு, நுனிகளுக்கு மட்டுமே ஒரு தூறு வைத்திருக்கலாம் என்று தோன்றும்.

முளையையும் உண்ணலாம். ஒரு முழம் உயர்வதற்குள், மிகையாக நெருங்கி வந்தவற்றை மட்டும் எடுத்து, பாளைகளை உரித்து, வெண்ணிறக் குருத்தை மெல்லிதாக அரிந்து இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, மறுநாள் உப்பு நீரில் இரண்டு முறை நீர் மாற்றி ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் திறந்த பாத்திரத்தில் வேகவைக்க வேண்டும். மரச்சீனியைப் போலவே இதிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. நாம் நச்சு கூடிய கட்டன் மரச்சீனியை நீர் வடித்துச் சாப்பிடும் அதே எச்சரிக்கை இங்கும் வேண்டும். கசப்பு தெரிந்தால் மறுபடி வேகவையுங்கள். தேங்காயை வறுத்து அரைத்து ஊற்றிய தீயல் குழம்புக்கு நன்றாக இருக்கும்.

நாற்று வாங்கும்போது அது எந்தத் தாய்த்தூறிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். பெருமூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்த தூறு பெரும்பாலும் பட்டுப்போகும். ஒரே தாயின் கழித்துண்டுகளில் வளர்ந்த தூறுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பூக்கக்கூடியவை என்பதால், நான்கு தூறு நடுபவர் அவற்றில் ஒன்றிரண்டையாவது வேறு பண்ணையின் வேறு தாய்வழியிலிருந்து வாங்கி நட வேண்டும்.